ஃபார்மட் செய்வதா பழுதுபார்ப்பது?

லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று கேரளத்தின் வெள்ளறடையில் எந்தக் கடையில் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "அண்ணே, விண்டோஸ் போட்டுத் தரட்டா?"

எனக்கு இது வினோதமாகப்படுகிறது. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டமாகத் தொடங்கி, 2017 முதல் கைட் நிறுவனமாக இயங்கும் அமைப்பு, கேரளப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸைத்தான் ஓட்டுகிறது. என் மகளும் அதில்தான் படிக்கிறாள். கடைத்தெருவுக்கு மட்டும் அது எட்டவில்லை.

அவள் லேப்டாப்பில் வைஃபை அறுந்தபோது, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் மேலேதான் எல்லாரும் பழிபோட்டார்கள். அவள் டெர்மினலைத் திறந்து சிஸ்டம் பதிவுகளைப் படித்தாள். நெட்வொர்க் மேனேஜரே செத்து விழுகிறதா, வைஃபை டிரைவர் மக்கர் செய்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். முதலாவது என்றால், அந்தச் சேவையை மறுபடி தொடங்கி, அப்டேட் போட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு இரண்டாவது. வைஃபையின் மின்சேமிப்பு அமைப்பில் 3 என்றிருந்ததை 2 ஆக்கினாள், நின்றது தொல்லை. (3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. யார் வைத்த கணக்கோ!)

இதற்காக ஃபார்மட் செய்து படங்களையும் பாடக்குறிப்புகளையும் அழிப்பது சோம்பேறித்தனம். பள்ளிகளில் கைட்டின் மாணவர் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனச்சமூடு, பாறசாலைக் கடைக்காரர்களை இதைக் கற்றுக்கொள்ள ஒரு சனிக்கிழமை அவர்கள் முன்னால் உட்காரவைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கலாம்.