கடல் கடந்தவர் பணத்துக்கும் கணக்கு வேண்டும்

ஜவ்வாது மலையில் புளி, சாமை, தேன், கடுக்காய் வாங்கிக் கீழே அனுப்புவதும், கீழிருந்து மளிகைச் சரக்கை மேலே ஏற்றுவதுமாக நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன். ஒரு மூட்டைப் புளியில் இரண்டு கிலோ குறைந்தால் அன்று இரவே பேரேட்டில் எழுதி வைக்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, தம்பி, மருமகன் பெயரில் இங்கே கிடக்கும் பணத்தைத்தான் சொல்கிறேன். அவர்கள் அங்கிருந்து அனுப்புவது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பணம் இங்கிருந்து அங்கே போக வேண்டிய நாளும் ஒன்று வரும் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

என் தம்பி 1996ல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். படிக்கிற காலத்தில் அடிவாரத்து ஊர் வங்கி ஒன்றில் அவன் ஆரம்பித்த சாதாரண சேமிப்புக் கணக்கு அப்படியே இருந்தது. அப்பா காலமான பிறகு, எங்கள் பூர்வீக வீட்டின் முன்பக்கத்தில் இருந்த இரண்டு கடைகளின் வாடகையில் அவன் பங்கை அந்தக் கணக்கில் கட்டி வந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் என் கல்லாப் பெட்டியில் இருந்தன. வீட்டு வரிக்கும் மராமத்துக்கும் அதிலிருந்து எடுத்தேன். நாணயமாகத்தான் எடுத்தேன். ஆனாலும் அது முறையல்ல.

2022ல் வீட்டை விற்றோம். தம்பியின் பங்கு அதே கணக்கில் போய் விழுந்தது. அப்போது அவன் மகளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட ஆறு வாரம் தவணை. "அனுப்பி வையுங்க அண்ணே" என்றான். நானும் காசோலையோடு வங்கிக்குப் போனேன். மேலாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "இவர் 26 வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறார். இந்தக் கணக்கு இப்படி இருக்கவே கூடாது. முதலில் கணக்கை மாற்ற வேண்டும். பிறகு வரி. அதற்குப் பிறகுதான் அனுப்புவது" என்றார். யார் பணத்தை யார் தடுப்பது என்று நான் சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு விசாரித்ததில் அவர் சொன்னதுதான் சட்டம் என்று தெரிந்தது.

அந்தச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கோ தொழிலுக்கோ வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை, பென்ஷன், வட்டி, சொத்து விற்ற பணம் என்று இந்த மண்ணில் கிடைக்கும் வரவெல்லாம் அதில்தான் சேர வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்று இன்னொரு கணக்கு உண்டு. அதில் உள்ள அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போகலாம். அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ.வில் வட்டிக்கு வரி உண்டு, வங்கியே பிடித்துக்கொள்ளும். ஆனால் வரி கட்டிய பிறகு அதிலிருந்தும் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். நம் போன்ற குடும்பங்களுக்கு இது தாராளமான அளவு. ஆகவே அரசாங்கம் கதவை அடைத்து வைத்திருக்கிறது என்று சொல்வது தவறு.

எங்கள் கணக்கு எங்கே சிக்கியது? வெளியே அனுப்ப வேண்டுமானால் வருமான வரித்துறைக்குப் படிவம் போட வேண்டும். பெரிய தொகைக்குக் கணக்காளர் சான்றும் வேண்டும். கணக்காளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை வருஷ வாடகைக்கு வரி எங்கே?" இரண்டாவது கேள்வி, "வீடு வாங்கியவர் ஏன் வரி பிடிக்கவில்லை?" 50 லட்சத்துக்குக் கீழே விற்றால் வாங்குபவர் பிடிக்க வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்தச் சலுகை உள்நாட்டில் குடியிருப்பவர் விற்கும் சொத்துக்கு மட்டும்தான். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், விலை சிறியதானாலும் வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டும். பத்திரத்தில் தம்பிக்கு ஊர் விலாசத்தையே எழுதியிருந்தோம். அதுவும் எங்கள் தப்புதான்.

கடைக்கு வாடகை கொடுக்கும் சங்க அங்கத்தினர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடைக்குச் சொந்தக்காரர் துபாயிலோ மலேசியாவிலோ இருந்தால், வாடகையில் வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. "சின்ன வாடகைதானே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இப்படி அலைந்துகொண்டிருந்தபோது சந்தையில் பழக்கமான ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "பணத்தை இங்கே கொடுங்கள், சாயங்காலத்துக்குள் அங்கே வெள்ளி கைக்குப் போய்விடும்" என்றார். சபலம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு இரவு முழுக்க யோசித்தேன். நகரத்தார் காலத்து உண்டியலுக்கு ஊருலகம் தெரிந்த ஒரு பெட்டியடியின் பெயரும் பேரேடும் பின்னால் நின்றன. இன்றைய உண்டியலுக்குப் பின்னால் ஒரு கைப்பேசி எண்தான் நிற்கிறது. பணம் போகாவிட்டால் யார் மேல் வழக்குப் போடுவது? பிடிபட்டால் 1999ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சட்டப்படி வந்த நல்ல பணத்தை நாமே ஏன் கறுப்புப் பணமாக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"என் பணத்தை நான் எடுத்துப்போக இத்தனை காகிதமா?" என்று கேட்கிறவர்களுக்குப் பழைய கதை இரண்டைச் சொல்ல வேண்டும். பர்மாவில் கடையும் வயலும் வட்டிக்கடையுமாக வாழ்ந்த நம்மவர்கள் உண்டு. அங்கே 1962ல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகள் அரசுடைமை ஆயின. 1964ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரிய பெரிய முதலாளிகள் கட்டிய துணியோடு கப்பல் ஏறி வந்தார்கள். அவர்களுடைய பேரேடு சுத்தமாகத்தான் இருந்தது, கதவுதான் மூடிவிட்டது. இரண்டாவது, 1991ல் நம் தேசமே அந்நியச் செலாவணி இல்லாமல் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பிக் கடன் வாங்கிய கதை. அந்த அடி வாங்கிய நாடு பிறகு மெல்ல மெல்லக் கதவைத் திறந்து, 2000ஆம் வருஷம் ஜூன் 1 முதல் பழைய கடுமையான சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பர்மாக்காரர்களுக்குக் கணக்கு இருந்தது, வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது, கணக்குத்தான் இல்லை.

எங்கள் பணம் போய்ச் சேர ஐந்து மாதம் ஆயிற்று. தம்பி பாஸ்போர்ட்டு, வேலை அனுமதி, விலாசச் சான்று எல்லாவற்றையும் முறைப்படி சான்றொப்பமிட்டு அனுப்பினான். பழைய வரியை வட்டியோடு கட்டினோம். மலையிலிருந்து நான் எத்தனை தடவை கீழே இறங்கினேன் என்று எண்ணவில்லை. அதற்குள் கல்லூரித் தவணை தாண்டிவிட்டது. தம்பி அங்கேயே கடன் வாங்கிக் கட்டினான். அந்தக் கடன் வட்டியை என் பங்கிலிருந்து நான் கொடுத்துவிட்டேன். ஆனால் நடுவில் ஒரு நாள் அவன் போனில் கேட்டான்: "அண்ணே, பணம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க." அறுபது வயதுக்கு மேல் கூடப்பிறந்தவன் வாயிலிருந்து அதைக் கேட்டேன். அவன் மேல் குற்றமில்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு என் கல்லாப் பெட்டியா தெரியும்? இப்போது நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். இருந்தாலும் அந்த வார்த்தையை எந்தக் கணக்கில் கழிப்பது?

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தோல் ஏற்றுமதி நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடியில் டாலர் என்பது தினப்படி பேச்சு. அதே மலையின் இந்தப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்குப் படிவத்தின் பெயர் சொல்லக்கூட ஆளில்லை. மாதத்துக்கு ஒரு நாளாவது அந்நியச் செலாவணி தெரிந்த அதிகாரி ஒருவர் மலைக்கிளைக்கு வரலாம். படிவ விளக்கத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வருவது பொங்கல் சமயத்தில்தான். அந்த வாரத்தில் நம் சங்கமே ஒரு ஆடிட்டரையும் வங்கி அதிகாரியையும் அழைத்து முகாம் நடத்தினால், பல குடும்பங்களின் கணக்கு ஒரே நாளில் நேராகிவிடும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கடை கட்டியதும், வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் உங்கள் வீட்டில் இருக்கும் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கணக்காக இருந்தால் நாளைக்கே எழுதிக் கொடுங்கள். வெற்றுக் காசோலை இருந்தால் கிழித்துப் போடுங்கள். அவர் பணத்தில் ஒரு ரூபாய் எடுத்தாலும் எழுதி, மாதம் ஒரு முறை அவருக்கு அனுப்பி வையுங்கள். வாடிக்கைக்காரருக்கு ரசீது கொடுக்கிற நாம் கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

- மொத்த வியாபாரி, ஜமுனாமரத்தூர்