சோற்றுப் பார்சலுக்குப் பிறகு என்ன?

டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்ட நாட்களில், கண்டி மாவட்டத்தின் பல ஊர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் சமைத்த சோறுதான். 2025 நவம்பர் 28ஆம் திகதியை ஒட்டிய அந்த நாட்களில் மண்சரிவுகளால் பாதைகள் மூடப்பட்டிருந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மகாவலி பெருகிக் கம்பளை சேற்றில் கிடந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மாவட்டங்களில் அதிக உயிரிழப்பைச் சந்தித்தது கண்டிதான். அந்த நேரத்தில் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் எமது இளைஞர்கள் சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள். அடுத்த கிழமை வேறு மாவட்டங்களில் இருந்தும் வாகனம் வாகனமாக வந்து, யார் எவர் என்று பாராமல் வீடு வீடாகச் சேறு அள்ளினார்கள்.

இதைப் பற்றி நாம் பெருமைப்படலாம். இது இந்தச் சமூகத்திற்குப் புதிய பழக்கமும் அல்ல. 2025 ஏப்ரலில், 16 வருடங்களுக்குப் பின் தலதா தரிசனத்திற்காக இலட்சக்கணக்கான பௌத்தர்கள் கண்டிக்கு வந்து வரிசையில் நின்றபோது, நகரப் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து தங்க இடமும் உணவும் கொடுத்தன. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் கடைகளும் வீடுகளும் எரிந்த அதே மாவட்டத்தில்தான் இது நடந்தது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

ஆனால் எனக்குள்ள கேள்வி வேறு. சோறு கொடுத்தாயிற்று, சேறும் அள்ளியாயிற்று. நான்காவது மாதம் அந்தக் குடும்பம் எதை வைத்துச் சம்பாதிக்கிறது?

கம்பளைப் பக்கம் ஒரு சகோதரியிடம் பேசினேன். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். வெள்ளம் வடிந்த பின் அவருக்கு ஏழு உலர் உணவுப் பொதிகள் கிடைத்திருந்தன, ஏழும் வெவ்வேறு அமைப்புகளிடமிருந்து. பருப்பு மட்டும் மூன்று மாதத்துக்குப் போதும் என்று சிரித்தார். தையல் மெஷினின் மோட்டார் சேற்றில் போய்விட்டது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பொதி கொடுத்தவர்கள் படம் எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், போனார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் தூக்கமில்லாமல் உழைத்தவர்கள்தான். எங்களிடம் இருந்த பட்டியலில் அப்படியொரு கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

அரசாங்கம் வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா அறிவித்தது, முற்றாக இடிந்த வீட்டுக்குப் பெரிய தொகை அறிவித்தது. நல்லது. ஆனால் அடுப்படியில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவர், வீட்டு முற்றத்தில் நாற்பது கோழி வளர்ப்பவர், தள்ளுவண்டியில் பழம் விற்பவர் தன் தொழிலைப் படிவத்தில் நிரூபிப்பது லேசான காரியமல்ல. அந்த இடைவெளிக்குள் யார் நுழைகிறார்கள் என்று பாருங்கள். நுண்கடன் கொடுப்பவர்கள். கையொப்பம் வைத்தால் பணம், கிழமைக்குக் கிழமை வசூல். இந்தக் கடன்களால் கிராமத்துப் பெண்கள் படும் பாடு பொறுக்க முடியாமல் போனதால்தான் 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அன்றைய அரசு முன்வந்தது. அதே காலத்தில் வட்டிக்கு விதிக்கப்பட்ட உச்ச வரம்பே வருடத்துக்கு 35 சதவீதம். கட்டுப்படுத்திய பிறகுதான் 35! 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதற்காகத்தான். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறோம். வட்டியில்லாமல் ஐம்பதாயிரம் எங்கே கிடைக்கும் என்று அந்தத் தாய் கேட்டால் எந்தக் கதவைக் காட்டுகிறோம்?

பாகிஸ்தானில் ஒரு கதவைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். 2001இல் லாஹூரில் டாக்டர் அம்ஜத் ஸாகிபும் நண்பர்களும் ஒரு விதவைக்குப் பத்தாயிரம் ரூபா வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். அவர் தையல் மெஷின் வாங்கித் தொழில் செய்து கடனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போனது. அதுதான் 'அகுவத்'. இன்று இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது கர்ழ் ஹஸன் கொடுக்கிறது, கொடுத்ததில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வருவதாகச் சொல்கிறது. 2021இல் ஸாகிபுக்கு மக்சேசே விருது கிடைத்தது. விருதை விட அவர்கள் வேலை செய்யும் முறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆடம்பர அலுவலகம் இல்லை. கடன் கொடுப்பது பள்ளிவாசலில், கிறிஸ்தவர் வாழும் இடத்தில் தேவாலயத்தில். ஊர் பார்த்திருக்க வாங்கிய கடனை ஊர் பார்த்திருக்கத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாங்கியவர் பின்னாளில் தானும் சிறு தொகை கொடுப்பவராக மாறுகிறார்.

கட்டடம், ஜமாஅத், நம்பிக்கை ஆகிய மூன்றும் கண்டியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ஏற்கெனவே உண்டு. அகுறணை, மடவளை, கல்ஹின்னை, உடத்தலவின்னை என்று எந்த ஊரை எடுத்தாலும் கொழும்பில் வியாபாரம் செய்யும் தனவந்தர்களும் கட்டாரிலும் துபாயிலும் வேலை செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் போட்டால் இரவுக்குள் இலட்சங்கள் சேர்கின்றன. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களுக்காக ஊர் ஊராகக் கதவு தட்டினார். அன்று சேர்த்த சில்லறை தலைமுறைகளை மாற்றியது. 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் அதே வழியில் வந்ததுதான். ஏழை மாணவனை ஒரு நாள் விருந்தோடு விட்டுவிடாமல், படிப்பு முடியும்வரை தூக்கிப் பிடித்தார்கள்.

ரஸூலுல்லாஹ்விடம் யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம். வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலம் விட்டு, இரண்டு திர்ஹத்தில் ஒன்றுக்கு உணவும் மற்றதற்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். கோடரிக்குத் தன் கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். முதல் திர்ஹத்தை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். இரண்டாவது திர்ஹமும் அந்தப் பதினைந்து நாள் தவணையும் எங்கள் நிவாரணக் கணக்குகளில் எங்கே?

செய்ய முடியுமா என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு மஹல்லா 20 இலட்சம் ரூபா சேர்க்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு 50,000 வீதம் 40 பேருக்குக் கொடுக்கலாம். பத்து மாதத் தவணையில் மாதம் 5,000 வீதம் திரும்பினால், ஒவ்வொரு மாதமும் கையில் வரும் இரண்டு இலட்சத்தில் புதிதாக நான்கு பேருக்குக் கொடுக்கலாம். சிலர் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், அதற்கும் மனதைத் தயார்படுத்த வேண்டும். இந்த நிதியை ஸதகாவிலும் நன்கொடையிலும் திரட்டுவதே பாதுகாப்பு. ஸகாத்தைக் கடனாகச் சுழற்றலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அது உலமாக்கள் சொல்ல வேண்டியது. ஆனால் கடனில் மூழ்கியவர்கள் ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் ஒருவர் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நுண்கடனில் சிக்கிய பெண்ணை விடுவிக்க அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண்சரிவில் எங்களை விடவும் கடுமையாக அடிபட்டவர்களில் தோட்டத்து லயன் குடும்பங்களும் உண்டு. அவர்கள் குடியிருக்கும் நிலம் அவர்களுடையதல்ல. வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லை, இரவில் இலட்சம் சேர்க்கும் குழுவும் இல்லை. சாப்பாட்டுப் பார்சல் அங்கும் போனது, அல்ஹம்துலில்லாஹ். கடன் நிதி ஆரம்பித்தால் அதன் பட்டியலில் மஹல்லாவின் எல்லை எதுவரை என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். என்னைக் கேட்டால், எங்கள் அடுப்புப் புகை தெரியும் தூரம்வரை என்பேன். அகுவத் தேவாலயத்தில் கடன் கொடுக்கலாம் என்றால், நாங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கொடுக்க என்ன தடை?

நிர்வாக சபைகள் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும். டித்வா நேரத்தில் எழுதிய பெயர்ப் பட்டியல்கள் இன்னும் பள்ளிவாசல் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'என்ன தொழில் செய்தார், எது உடைந்தது' என்று இரண்டு நிரல்கள் போட்டு, இரண்டு பேர் வீடு வீடாகப் போய் வர ஒரு கிழமை போதும்.