பெரிய ஐபேட் பிள்ளைக்கா, ஊருக்கா?



ஓ.எல். முடிந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள்: "சேர், ஐபேட் புரோ 11 எடுக்கவா, 13 எடுக்கவா?" ஆசிரியர்கள் நாங்கள் இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

2024இல் வந்த எம்4 மொடலைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சிப். இரண்டுக்கும் ஒரே பென்சில். பெட்டரி தாங்கும் நேரமும் ஒன்றுதான் என்கிறது கம்பெனி. 2024இல் அமெரிக்காவில் ஆரம்ப விலை 999 டொலராக இருந்தது, பெரியது 1299 டொலர். அந்த 300 டொலரும் திரையின் அளவுக்குத்தான். பென்சிலுக்குத் தனியாக அப்போது 129 டொலர்.

13இல் ஏ4 வினாத்தாள் கிட்டத்தட்ட முழு அளவில் தெரியும், மறுக்கவில்லை. 11இல் கொஞ்சம் மேலும் கீழும் தள்ளி வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் 444 கிராமைக் கையில் பிடித்துப் படிக்கலாம். 579 கிராம், கவரும் போட்டால், மேசை தேடும்.

படம் வரைவதையே தொழிலாக்கப் போகும் பிள்ளைக்குப் பெரியதை வாங்குங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஏன்? பக்கத்து வீட்டில் 13 இருக்கிறது என்பதற்கா?

கட்டாரில் வெயிலில் நிற்கிற வாப்பாவின் காசு அது. சில வீடுகளில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிறது. ஜும்ஆவில் வீண்விரயம் பற்றிக் கேட்டுவிட்டு, கடையில் நாமே அதைச் செய்கிறோம்.

சின்னதை எடுங்கள். மிஞ்சும் காசில் பென்சில் வாங்குங்கள். அதிலும் மிஞ்சினால், டியூசன் காசு கட்ட வழியில்லாமல் பின்வாங்கில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையை நினையுங்கள். அந்தப் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.