எங்கட எம்.பி. ஆரு?



சென்ற மாதம் நான் பனிச்சங்கேணிக்குப் போனது சேமிப்புக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதற்காக. கணக்கு அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு கதை களப்பின் பக்கம் திரும்பியது. களப்போரத்தில் இறால் பண்ணை வரப்போகிறது என்கிறார்கள், கரையில் இல்மனைற் மண் அள்ளுவது பற்றியும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். களப்புக்குள் இறங்கி இறால் பிடித்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண்கள் இதையெல்லாம் ஆரிடம் போய்க் கேட்பது? ஒரு அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா: "மிஸ், எங்கட எம்.பி. ஆரு?"

கூட்டத்தில் இருபத்துமூன்று பேர். ஒருவருக்கும் சரியான பதில் தெரியவில்லை. மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியம்மாதான், "தேவநாயகம் ஐயாதானேகா நம்மட கல்குடாவுக்கு எம்.பி." என்றா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெரியம்மா சொன்னது முழுப் பிழையல்ல. 1965, 1970, 1977 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் கல்குடாத் தொகுதியில் வென்றவர் கே. டபிள்யூ. தேவநாயகம்தான். நீதி அமைச்சராகவும் இருந்தவர். பெரியம்மா முதன்முதலில் வாக்குப் போட்டது 1977இல். அன்று கல்குடாத் தொகுதிக்கு ஒரு ஆள். வென்றவர் நல்லவரோ கெட்டவரோ, ஆர் என்று தெரியும், வீடு எங்கே என்றும் தெரியும்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்த முறையை மாற்றி விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதன்படி நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ரவரியில். இப்போது மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தொகுதிகள் அதற்குள் இருக்கின்றன. தேர்தல் இரவில் வானொலியில் "கல்குடாத் தேர்தல் தொகுதி முடிவுகள்" என்று வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது எண்ணுகிற வசதிக்கு மட்டும்தான். கல்குடாவுக்கென்று தனியாக எம்.பி. கிடையாது. மாவட்டத்துக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேருமே பனிச்சங்கேணிக்கும் எம்.பி.தான். ஒருவரும் கவனிக்காவிட்டால் ஐந்து பேரும் மற்றவரைக் கைகாட்டலாம் என்பது இதன் பெரிய குறை. ஐந்து பேரிடமும் கடிதம் கொடுக்கலாம் என்பது நாங்கள் பயன்படுத்தாத வசதி.

ஐந்து ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது? 2024 நவம்பர் 14இல் நடந்த தேர்தலையே எடுப்போம். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஏறக்குறைய 97,000 வாக்கு, மூன்று ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு ஏறக்குறைய 55,000, ஒரு ஆசனம். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு ஏறக்குறைய 40,000, அதற்கும் ஒரு ஆசனம். "97க்கு மூன்று என்றால் 55க்கு ஒன்றரையாவது வரவேணுமே" என்று கணக்கில் கெட்டிக்காரியான ஒரு தங்கச்சி மடக்கினா. நியாயமான கேள்வி. முதலில், மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுத்துவிடுவார்கள். பிறகு, நூற்றுக்கு ஐந்து வீதம்கூட எடுக்காத கட்சிகளையும் குழுக்களையும் கழித்துவிட்டு, மிச்ச வாக்குகளை மிச்ச நாலு ஆசனத்தால் பிரிப்பார்கள். அப்போது ஒரு ஆசனத்தின் 'விலை' அறுபதாயிரத்துக்கு மேல் வந்தது. அந்த விலை முழுதாகக் கொடுக்கக்கூடியதாக இருந்தது தமிழரசுக் கட்சி மட்டுமே, ஆகவே அதற்கு இரண்டாவது ஆசனம். எஞ்சிய மூன்றும் கையில் மிச்சம் கூடியவர்களுக்கு வரிசைப்படி போனது: தேசிய மக்கள் சக்தி, முஸ்லிம் காங்கிரஸ், பிறகு தமிழரசுக் கட்சியின் கையிலிருந்த மிச்சம். சீட்டுக் காசு பிரிக்கிற எங்கள் பெண்களுக்கு இது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் விளங்க ஒரு தவணை எடுத்தது.

அந்த ஐந்து வீதம் முன்பு பன்னிரண்டரை வீதமாக இருந்தது. 1988இல் பதினைந்தாவது திருத்தத்தால் குறைக்கப்பட்டது. அதற்காகப் பேசி வென்றவர் எம். எச். எம். அஷ்ரப். சிறிய சமூகங்கள் சபைக்குள் போக அது வழிவிட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கட்சிக்கு ஆசனம் கிடைத்த பிறகு, அந்தக் கட்சிக்குள் ஆர் போவது என்பதைத் தீர்மானிப்பது விருப்பு வாக்கு. எங்கள் மாவட்டத்தில் ஒரு கட்சி எட்டுப் பேரை நிறுத்தலாம், ஐந்தும் மூன்றும். நீங்கள் கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி போடவேண்டும். பிறகு கீழே உள்ள இலக்கங்களில், அதே கட்சியில் நீங்கள் விரும்பும் மூன்று பேர் வரைக்கும் புள்ளடி போடலாம். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுவதும் செல்லாது. இலக்கத்தில் மூன்றுக்கு மேல் போட்டால் கட்சிக்குப் போன வாக்கு செல்லும், விருப்பு வாக்கு செல்லாது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பட்டம் படித்துக்கொண்டிருந்தபோது போட்ட என் முதல் வாக்கு அப்படித்தான் போனது. தெரிந்த ஒருவரின் இலக்கத்துக்கு அழகாகப் புள்ளடி போட்டேன், சின்னத்தை மறந்துவிட்டேன். மையைக் காட்டிக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன். அது குப்பைக்குப் போன வாக்கு என்பது ஒரு வருடம் கழித்து, இதே பாடத்தை மற்றவர்களுக்குப் படிப்பிக்கப் போனபோதுதான் எனக்கே உறைத்தது.

2024இல் எங்கள் மாவட்டத்தில் தெரிவான ஐவரில் மிகக் குறைந்த விருப்பு வாக்கு எடுத்தவருக்கு 15,000கூட இல்லை. மாவட்டத்தில் பதிவான வாக்காளர் நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாடு முழுவதிலும் வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இருந்தும் 2010, 2015, 2020, 2024 ஆகிய நாலு தேர்தல்களிலும் மட்டக்களப்பிலிருந்து போன ஐவரும் ஆண்களே. 2004இல் தொல்லியல் படித்த தங்கேஸ்வரி கதிராமன் இங்கிருந்து பாராளுமன்றம் போனா. பெண் நின்றால் மட்டக்களப்பு ஆட்கள் போடமாட்டார்கள் என்று சொல்லுகிறவர்களுக்கு நான் அவவின் பெயரைச் சொல்வதுண்டு.

"மூணு புள்ளடியையும் வீட்டுக்காரர் சொல்ற ஆளுக்குத்தான் போடுறம்" என்று ஒரு அக்கா சொன்னா. "வீட்டுக்காரர் இல்லாதவளுக்கு அண்ணன் சொல்லுவான்" என்றா இன்னொருவர். மூன்றில் ஒன்றையாவது உங்கள் மனதுக்குப் போடுங்களேன் என்றேன். வாக்குச் சாவடி மறைப்புக்குள் அண்ணன் வரமுடியாது.

பிரதேச சபைக்கு இந்த விருப்பு வாக்கு இல்லை, வட்டாரமும் பட்டியலும் கலந்த வேறு முறை. உறுப்பினரில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுவதும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மாகாண சபையைப் பற்றி என்ன சொல்ல? 2008 மே மாதம் கிழக்குக்கென்று முதலில் தெரிவான 37 பேரில் 11 பேர் எங்கள் மாவட்டம். 2012இல் தெரிவான சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் வைக்காமல் ஆளுநரே நடத்திவந்தார்.

கூட்டம் கலைகிற நேரம் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டா. 2006 கடைசியில் வாகரைச் சண்டைக்குள் அகப்பட்டு, அடையாள அட்டை உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவ. 2007இல் திரும்பி வந்தபோது கணவர் இல்லை, இன்றுவரை தகவலும் இல்லை. "ஆள் காணாமல்போன குடும்பம் எண்டு என்ர பேரை வெட்டிப்போட்டாங்களோ மிஸ்? எனக்கு ஒரு நாளும் வாக்கு அட்டை வாறல்ல" என்று கேட்டா. இத்தனை வருடமாக அதை ஒரு தண்டனையாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறா. விசாரித்தால், வருடாவருடம் கிராம உத்தியோகத்தர் தருகிற வாக்காளர் படிவத்தை நிரப்புவது மைத்துனர். அவர் தன் வீட்டு ஆட்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார். இவ தனிக் குடிசையில் இருக்கிறபடியால் எந்தப் படிவத்திலும் இல்லை. தனியாக இருக்கிற பெண் தன் வீட்டுக்குத் தானே பிரதான குடியிருப்பாளராகப் படிவம் நிரப்பலாம் என்பதை இவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இது அவ ஒருத்தியின் வாக்கோடு நிற்கிற காரியமல்ல. பாராளுமன்றத்துக்கு மாவட்டங்களிலிருந்து போகிற 196 பேரில் 160 ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைப்படியே பங்கிடப்படுகின்றன. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் ஆட்கள் குறைந்த யாழ்ப்பாணத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம், 2024இல் ஆறு. எங்கள் ஐந்து இன்னும் ஐந்தாகவே இருக்கிறது.

வெளிக்கிட முன் ஒரு மாதிரித் தேர்தல் வைத்தோம். பிஸ்கட் பெட்டி மட்டையில் வாக்குச் சீட்டுக் கீறினேன். கட்சிகள் இறால், நண்டு, மீன். கீழே எட்டு இலக்கம். இருபத்துமூன்று சீட்டில் ஆறு செல்லாது. பெரியம்மாவின் சீட்டில் மூன்று கட்சிக்கும் புள்ளடி. "மூண்டும் கறிக்கு நல்லதுதானே புள்ள" என்றா. இன்னொரு மட்டை கொடுத்தேன். இரண்டாம் தரம் எண்ணியபோது செல்லாதது ஒன்றுதான், அதுவும் பெரியம்மாவுடையதல்ல.

அந்தச் சகோதரியோடு மற்ற இரண்டு பேரும் சேர்ந்து கிராம உத்தியோகத்தரிடம் போவதாகப் பேசியிருக்கிறார்கள். அடையாள அட்டைக்கான படங்களைக் குழுக் காசில் எடுக்கிறார்கள். களப்பு விடயமாக ஐந்து எம்.பி.மாருக்கும் எழுதுகிற கடிதம் அரைவாசியில் நிற்கிறது. அடுத்த மாதம் நான் போகும்போது, ஒவ்வொருவரும் இடாப்பில் தன் பெயரையும் இலக்கத்தையும் பார்த்து எழுதிய துண்டோடு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாசிக்கிற நீங்களும் உங்கள் பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.