நடவாத அனர்த்தத்தின் கணக்கு

அணை உடையாத ஊரிலே அணையைக் காத்தவனைப் போற்றுவோர் இலர். 2000ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவைப் பற்றி இன்று வழங்கும் பேச்சு இதற்கு நல்ல சான்று. "கணினிகள் யாவும் நின்றுவிடும் என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் வீண் ஆரவாரம்" என்று கற்றோரும் கூறக் கேட்கிறேன். பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்களின் நிருவாகிகளும் இக்கூற்றை நம்பத் தலைப்பட்டால் விளையும் தீங்கு பெரிது என்பது என் எண்ணம்.

அப்பிழைக்கு மூலம் சிக்கனமே. எண்பது நிரல்களே கொண்ட துளை அட்டைகளில் விபரங்களைப் பதிந்த காலத்தில், ஆண்டை நான்கு இலக்கங்களால் எழுதுவது ஊதாரித்தனமாகத் தோன்றியது. 1965 என்பது 65 ஆயிற்று. இடம் மலிந்த பின்னும் வழக்கம் மாறவில்லை. இவ்வாறு எழுதப்பட்ட கணினிக்கு 2000உம் 1900உம் ஒன்றே. 1935இல் பிறந்தவரின் வயதை 2000இல் கணிக்கப் புகுந்தால், அது சைபரிலிருந்து முப்பத்தைந்தைக் கழிக்கும். ஓய்வூதியத்துக்கு உரித்துடைய முதியவர், ஏட்டின்படி இன்னும் பிறவாதவர் ஆகிவிடுவார். அமெரிக்கக் கணினி அறிஞர் ரொபேட் பீமர் 1971இலேயே இதனை எழுதி எச்சரித்தார், செவிசாய்த்தோர் சிலரே.

அச்சிலருள் ஒன்றாக ஐக்கிய அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தைக் குறிப்பிடலாம். நான்கு கோடிக்கும் மேற்பட்ட முதியோருக்கும் வலுவிழந்தோருக்கும் மாதந்தோறும் பணம் வழங்கும் அந்நிறுவனம், 1989இலேயே திருத்த வேலையைத் தொடங்கியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட நிரல் வரிகளை ஆராய வேண்டியிருந்தது. ஆயினும் தன் வீட்டைத் திருத்தியது போதவில்லை. வலுவிழந்தோரின் உரித்தைத் தீர்மானிக்கும் மாநில அலுவலகங்களின் கணினிகள் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை 1997இல் அரசாங்கக் கணக்காய்வாளர் சுட்டிக்காட்டினர். கொடுப்பனவை அனுப்புவதோ திறைசேரி. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முதியவரின் கைக்குக் காசு வாராது. யாவும் சீர்செய்யப்பட்டதாக ஜனாதிபதி கிளின்டன் 1998 டிசெம்பர் 28இல் அறிவித்தபோது, தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

மறுபுறம், தப்பிய பிழை ஒன்று என்ன செய்தது என்பதை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே காணலாம். கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் நோய்க்குறித்தொகுதி இருக்கக்கூடிய அபாயத்தைத் தாயின் வயதையும் கொண்டு கணிப்பர். அங்கிருந்த வைத்தியசாலைக் கணினி 2000 பிறந்ததிலிருந்து தாய்மாரின் வயதைப் பிழையாகக் கணித்தது. மே மாதம் வரை எவரும் அறியவில்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பிழையான முடிவு வழங்கப்பட்டது. கணினி நின்றுபோயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது நிற்கவில்லை, நிதானமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. "ஒன்றும் நடக்கவில்லை" என்போர் அத்தாய்மாரை மறந்து பேசுகின்றனர்.

சொற்பமாகச் செலவிட்ட நாடுகளும் தப்பினவே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கணினியைக் குறைவாகச் சார்ந்திருந்த நாட்டுக்கு அபாயமும் குறைவு. பிறர் செலவில் திருத்தப்பட்ட மென்பொருளும் அவற்றுக்குக் கிடைத்தது. அச்சத்தை விற்றுப் பணம் பண்ணியோர் இருந்தனர் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் போலி வைத்தியர் உளர் என்பதற்காக நோயே இல்லை எனல் பொருந்துமா?

இவ்விசாரணை பழங்கதை அன்று. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணியே நாளை அறிகின்றன. பழைய 32 பிட் முறையில் 2,147,483,647க்கு மேல் எண்ண இயலாது. 2038 ஜனவரி 19 அன்று, நம் நாட்டு நேரப்படி காலை 8.44க்குச் சில விநாடிகள் கழிந்ததும் அவ்வெண் நிரம்பும். அடுத்த கணம் அக்கணினிகளுக்கு 1901 டிசெம்பர் ஆகிவிடும். புதிய கணினிகளில் பெரும்பாலானவை 64 பிட் முறைக்கு மாறிவிட்டன. கவலைக்குரியவை, வாங்கிய பின் எவரும் திறந்து பாராத பழைய மானிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும், அவற்றை ஆண்டுக்கணக்கில் மாற்றாது வைத்திருக்கும் வைத்தியசாலைகளும் நீர்வழங்கல் சபைகளுமே.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. எந்தக் கருவி எங்குள்ளது என்ற பட்டியல் வேண்டும். இனி வாங்குவது 2038ஐத் தாண்டுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். பணியை நிறுத்தாது, தனியிடத்தில் நாளை முன்தள்ளிச் சோதித்துப் பார்க்கவேண்டும். தன்னோடு தரவு பரிமாறும் பிற நிறுவனங்களையும் அச்சோதனையிற் சேர்க்கவேண்டும். இவற்றுக்கான செலவை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதும் உத்தியோகத்தரைப் பார்த்து, "முன்னரும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று ஒருவர் நகைக்கக்கூடும். அவ்வேளை அவருக்குத் துணைநிற்க, முன்னர் ஏன் நடக்கவில்லை என்பதை அறிந்தவர்கள் சபையில் இருத்தல் வேண்டும். அதனை நம் மாணாக்கருக்குக் கற்பிக்க இன்னும் காலம் உண்டு.