முதல் உத்தியோகத்தின் இன்பம்

கல்லூரிப் படிப்பை முடித்துச் சங்கப் பணிக்கு வரும் இளம் பட்டதாரிகளுக்கு முதல் உத்தியோகத்தில் மகிழ்ச்சி தருவது எது? மாதச் சம்பளம் என்பார் பலர். அதை நாம் மறுக்கவில்லை. முதல் சம்பளத்தில் தாயாருக்கு ஒரு கைத்தறிச் சேலை வாங்கித் தருவது பெரும் பேறுதான். ஆயினும், சங்கங்கள்தோறும் சென்று கணக்குகளைப் பார்வையிடும் நாம் கண்ட அளவில், அம்மகிழ்ச்சி சில மாதங்களில் பழகிப்போகிறது. நிலைத்து நிற்கும் இன்பம் வேலையிலேயே இருக்கிறது.

வணிகவியல் கற்றவர் பேரேட்டையும் ஐந்தொகையையும் அறிவார்; நூலை அறியார். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ராத்தலுக்கு 40 சிட்டம், சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம் என்று அவருக்குக் கற்பிப்பவர் தறியில் அமரும் அங்கத்தினரே. அக்கணக்கு பிடிபட்ட அன்றுதான், கொடுத்த நூலையும் வந்த துணியையும் அவரால் ஒப்பு நோக்க முடிகிறது. அன்று அவர் முகத்தில் தோன்றும் தெளிவைப் பரீட்சையில் தேறியபோதும் கண்டிருக்க முடியாது.

செய்த வேலையின் பயனைக் கண்ணால் காண்பது மற்றோர் இன்பம். சிட்டாவையும் அடங்கலையும் சரிபார்த்து, பயிர்க்கடன் மனுவைக் காலத்தே முடித்துக் கொடுத்தால், உரம் காலத்தே வயலுக்குச் சேர்கிறது. விளைச்சல் வந்ததும் அதே விவசாயி கடனைச் செலுத்த அதே மேஜைக்கு வருகிறார். இப்பேறு பெரிய அலுவலகங்களில் எளிதில் கிட்டாது.

ஆனால் நம் சங்கங்களிற் சில அவர்களுக்கு அளிப்பது என்ன? வட்டியை இன்று கணினி கணித்துவிடுகிறது. அதில் விவரங்களைப் பதிவதற்கு மட்டும் ஒரு பட்டதாரியை அமர்த்தினால், முதலில் அவர் உள்ளம் வெளியேறும். பின்னர் அவரே வெளியேறுவார். பாதியில் நின்ற நிலுவைப் பட்டியலைப் புதிதாக வருபவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதனால் வரும் நஷ்டம் அங்கத்தினர்களுடையதே.

1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் படித்த நடுத்தர வகுப்பினரே. பொறுப்பைத் தாமே ஏற்றதால் அவர்கள் ஊக்கம் குன்றவில்லை. இன்றைய இளைஞர்களுக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் புதிதாக வருபவரிடம் ஒரு காரியத்தை முழுமையாக ஒப்படைக்க வேண்டும். நூல் இருப்பாகலாம், ஒரு கிராமத்தின் கடன் வசூலாகலாம். அதன் கணக்கைக் குழுவின் முன் அவரே படிக்கட்டும். அனுபவமில்லாதவரிடம் பொறுப்பைத் தரலாமா என்று சிலர் தயங்குவர். பொறுப்பைத் தருவதற்காக மேற்பார்வையைக் கைவிட வேண்டியதில்லை. பெட்டிச் சாவியும் கணக்குப் புத்தகமும் ஒரே கையில் இருத்தலாகாது என்ற விதி மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒன்றே.

அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. இளைஞர் ஒருவர் தறியைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ கேட்டால் நகையாமல் சொல்லிக் கொடுங்கள். அவர் கற்பது உங்கள் சங்கத்துக்கு மூலதனம்.