டெஸ்ட்டில் பாஸ், களத்துமேட்டில் ஃபெயில்: செயலிகள் தடுமாறுவது ஏன்?

2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களில் குறுவை நெல், கொள்முதல் நிலைய வாசலிலேயே மழையில் நனைந்து முளைவிட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். லாரி, சாக்கு, கிடங்கு எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. அந்த வரிசைக்கு இப்போது போன் திரை என்ற இன்னொரு வாசலும் உண்டு. நெல் விற்க இணையவழி முன்பதிவை நுகர்பொருள் வாணிபக் கழகம் 2021-22 பருவத்தில் கொண்டுவந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் எடுக்கமாட்டார்கள் என்பது பொது விதி. பதிவு ஒருநாள் தள்ளிப்போய், அதற்குள் ஒரு மழை பெய்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

இதுபோன்ற பதிவுச் செயலி ஒன்றை நீங்களே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் சோதிப்பீர்கள்?

யூனிட் டெஸ்ட் என்றால் என்ன?

நிரலின் சிறு பகுதியைத் தனியே எடுத்து, 'இதைக் கொடுத்தால் இது வரணும்' என்று சரிபார்ப்பது. 40 கிலோ சிப்பம் 50 என்றால் 2,000 கிலோ. எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான்.

நெட்வொர்க் வந்தால் என்ன மாறும்?

'பதிவு செய்' பட்டனை அழுத்தியதும் கோரிக்கை சர்வருக்குப் போகிறது. இனி விடை நம் கையில் இல்லை. உண்மையான சர்வரோடு சோதித்தால் ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு பொய்ப் பதிவை உண்டாக்கும். சர்வர் படுத்துவிட்டால், நம் நிரலில் பிழையே இல்லாமல் டெஸ்ட் தோற்கும். காலையில் பாஸ், மதியம் ஃபெயில் என்று ஆனால், கொஞ்ச நாளில் குழுவில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அப்போ போலி சர்வர் போதுமே?

அதைத்தான் பலரும் செய்கிறார்கள். இதற்கு 'மாக்' என்று பெயர். கோரிக்கையை வழியிலேயே மடக்கி, நாம் எழுதிவைத்த பதிலைத் திருப்பித் தரும். ஆனால் அந்தப் பதில், சர்வர் இப்படித்தான் பேசும் என்ற நம் நம்பிக்கை மட்டுமே. சர்வர் குழு பதிலின் வடிவத்தை மாற்றினாலும் மாக்குக்குத் தெரியாது. டெஸ்ட் பச்சை, விவசாயியின் திரை காலி.

இன்னொரு சிக்கல், மாக் உடனே பதில் தரும், நிஜம் அப்படியில்லை. 2021 ஏப்ரல் 28 அன்று 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு கோவின் பதிவு திறந்தபோது, பலர் ஓடிபிக்காகக் காத்துக் கிடந்தார்கள். 'நெட்வொர்க் நம்பகமானது' என்பதை நிரலாளர்களின் தவறான நம்பிக்கைகளில் ஒன்றாக 1990-களிலேயே பட்டியலிட்டார், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச்.

மோசமான நிலை இது: கோரிக்கை சேர்ந்து, பதிவும் ஆகிவிட்டது. பதில் வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. செயலி 'தோல்வி' என்கிறது. விவசாயி மறுபடி அழுத்துகிறார். ஒரே நெல்லுக்கு இரண்டு பதிவு.

என்னதான் தீர்வு?

• சர்வரோடு பேசும் பகுதியையும், பதிலைப் பார்த்து முடிவெடுக்கும் பகுதியையும் பிரித்து எழுதுங்கள். இரண்டாவதைச் சோதிக்க நெட்வொர்க்கே வேண்டாம்.

• மாக்கைக் கெட்ட நாட்களுக்கும் பழக்குங்கள்: 30 நொடித் தாமதம், பாதிப் பதில், பதிலே வராத நிலை. போலிக் கடிகாரம் வைத்தால் அந்த 30 நொடியும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும்.

• பதில் வடிவத்தை ஒப்பந்தம் போல ஒரே கோப்பில் வைத்து, செயலிக் குழுவும் சர்வர் குழுவும் அதை வைத்தே சோதிக்கட்டும்.

• ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் உருவாக்கி அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிய பதிவு போடாமல் பழைய பதிலையே தரட்டும்.

இவ்வளவு செய்தாலும் சில டெஸ்ட்டுகளைச் சோதனைக்கென்றே வைத்த நிஜ சர்வரோடு ஓட்டித்தான் ஆகணும். ஆனால் முதலில் எழுத வேண்டிய டெஸ்ட், பதில் தொலைந்துபோகும் அந்த ஒரு நிலைக்கானது. அப்போது திரையில் 'தோல்வி' என்று வரக்கூடாது. 'பதிவானதா என்று சரிபார்க்கிறோம்' என்று வரணும்.